முப்பத்தோரு ஊசி போட்டவளின் புகார்

அனுப்புநர்
தையல்கடை நடத்தும் பெண்.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறையில் இணைக்கப்பட்டுள்ளன. அதற்கான காரணம் பத்தி 8-இல் கூறப்பட்டுள்ளது.)

பெறுநர்
மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சத்து ஊசி என்று சொல்லி ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படுவது – வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறவுள்ள ஆணழகன் போட்டிக்கு முன் தடுத்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர், "ஒரு பக்கத்துக்கு மேல போனா உள்ள இருக்கறவங்க புரட்டிக்கூடப் பாக்க மாட்டாங்கம்மா, சுருக்கமா சொல்லுங்க" என்றார். இரண்டு முறை சுருக்கிச் சொன்னேன். இரண்டு முறையும் மற்றவர்கள் செய்ததெல்லாம் தாளில் ஏறியது, நான் செய்தது விடுபட்டுப் போயிற்று. ஆகவே வெள்ளைத்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. எழுத்து ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் கணவர் மரச்சாமான் கடை ஒன்றின் கிடங்கில் வேலை பார்க்கிறார். வயது முப்பத்தொன்று. கட்டில், பீரோ, அலமாரி இவற்றை வண்டியில் ஏற்றி, வாங்கியவர் வீட்டு மாடிவரை தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. கிடங்கில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'குச்சி'. பீரோவின் கனமான பக்கத்தில் அவர் கைவைத்தால், "குச்சி, நீ தள்ளிக்கப்பா. அப்புறம் பீரோவோட சேத்து உன்னையும் தூக்கணும்" என்பார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். சொன்ன நாளில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்தப் பாதித் தட்டை நான்தான் எடுத்துக் கழுவினேன். ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

2. எங்கள் தெருக் கோடியில், டயர் கடைக்கு மேலே உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. ஓர் அறை, மூன்று சுவரிலும் கண்ணாடி. நடத்துபவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். கூடத்து ஆட்களுக்குக் கையில்லாத பனியன் தைக்கும் வேலையை எனக்குத்தான் கொடுத்து வந்தார். அந்தப் பழக்கத்தில் என் கணவரும் சேர்ந்தார். முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போய் வந்தார், பசித்துச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், கொஞ்சம் தேறினார். அதோடு விட்டிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். நாலாவது மாதம், "உங்களுக்கு உடம்பு வாகு இருக்கு, சத்துதான் போதல" என்று மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார்.

3. அந்த ஊசியை இடுப்புக்குக் கீழே பின்பக்கச் சதையில் போட வேண்டும். தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கை எட்டாது. மாஸ்டரே என் கடைக்கு வந்தார். "தங்கச்சி, உங்க கைக்கு ஊசி என்ன புதுசா? நாள் முழுக்க அதானே வேலை" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயா, நான் செய்த தவறு அந்த இடத்தில்தான் தொடங்கியது. பதினான்கு வருடம் ஊசி பிடித்த கை என்ற மண்டைக்கனம் எனக்கு உண்டு. துணியில் இறங்குகிற ஊசியும் மனிதன் உடம்பில் இறங்குகிற ஊசியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டர் செல்போனில் காட்டிய படத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். முதல் ஊசியில் ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. "எங்க வீட்டம்மா கை டாக்டர் கை" என்று அவர் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எண்ணெய்போல் கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. சத்து என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

4. என்னிடம் அளவு நோட்டு ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். என் கணவர் பக்கத்தில் முதல் ஊசி போட்ட நாளில் மேல்கை பன்னிரண்டு அங்குலம், கழுத்து பதினான்கரை. இரண்டு மாதம் கழித்து மேல்கை பதினான்கு, கழுத்து பதினாறு. ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். எட்டு மாதத்தில் முப்பத்தோரு புள்ளிகள். அவர் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டுத் தைத்தேன். விடுவதற்கு உள்ளே துணி இல்லாமல் போனபோது அக்குளில் ஒட்டுப் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வளர்ந்த ஆளுக்கு மேல்கை இரண்டு மாதத்தில் இரண்டு அங்குலம் ஏறாது என்பது ஒரு தையல்காரிக்குத் தெரியாதா? தெரியும். வேறு வீட்டு மனிதராக இருந்திருந்தால் அன்றே கேட்டிருப்பேன்.

அதே நோட்டில், அதே கூடத்தைச் சேர்ந்த வேறு ஐந்து பேரின் பக்கங்களிலும் இதே ஏற்றம் இருக்கிறது. அவர்களில் இருவர் இந்த வருடம் பனியனை மார்பில் தளர்வாகத் தைக்கச் சொன்னார்கள். இறுக்கமாகத் தைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் ஏன் திடீரென்று தளர்த்தச் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்று புரியவில்லை. ஆண்களுக்கும் மார்பில் பெண்களுக்குப்போல் கட்டி வளரும் என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் மானத்தை எண்ணி அந்தப் பக்கங்களில் பெயரை மறைத்து நகல் எடுத்திருக்கிறேன். இணைப்பு 1.

5. உடம்பு ஏறியதோடு மற்றவையும் ஏறின. முதுகு முழுக்கப் பருக்கள் பழுத்தன. தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. நாள் முழுக்க வியர்வை. கோபம் வந்தால் அவருக்கே அவரைத் தெரியாது. துண்டு காயவில்லை என்பதற்காகக் குளியலறைக் கதவில் குத்தினார், பலகை இரண்டாகப் பிளந்தது. பத்து நிமிடம் கழித்துத் தரையில் உட்கார்ந்து அந்தப் பலகையைத் தடவித் தடவி, "என்னம்மா ஆச்சு எனக்கு" என்று அழுதார். மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "சத்து உடம்புல சேருது தங்கச்சி, சந்தோஷப்படுங்க" என்றார். சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்த வாரமும் ஊசி போட்டேன்.

6. எழுத மனம் கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மனு முழுமையாகாது. எங்களுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள். கடை காலூன்றட்டும் என்று தள்ளிப்போட்டு, இரண்டு ஆண்டுகளாகத்தான் குழந்தையை எதிர்பார்க்கிறோம். என் மாமியார் என்னை அழைத்துக்கொண்டு ஏறாத மருத்துவமனை இல்லை. இரத்தம் கொடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன், வயிற்றைப் புரட்டும் மாத்திரைகளை விழுங்கினேன். கணவரையும் சோதிக்க வேண்டும் என்று அங்கே சொன்னபோது, அவர் வீட்டில் சட்டையைக் கழற்றிக் காட்டி, "இந்த உடம்பைப் பாத்தா குறை இருக்கற உடம்பு மாதிரியா இருக்கு?" என்றார். மாமியாருக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. குறை என் பக்கம்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

வெளியிலிருந்து அந்த மருந்து ஏறிக்கொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விதைகள் சுருங்கும், விந்தில் உயிரணுவே இல்லாமல் போகலாம் என்று இப்போது தெரிகிறது. சென்ற மாதம் அவர் மருத்துவமனையில் இருந்தபோது (பத்தி 7) எடுத்த சோதனையில் எண்ணிக்கை பூஜ்யம். திரும்பி வரலாம், மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் ஏன் குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியாது. இந்த எட்டு மாதம் ஏன் இல்லை என்று தெரியும். காலையில் குழந்தைக்காக நான் மாத்திரை போட்டுக்கொண்டேன், சாயங்காலம் அவருக்கு ஊசி போட்டேன்.

(இப்போது உள்ளே ஒருவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து ஓடினேன். நான் இல்லையாம். தொடர்கிறேன்.)

7. சென்ற மாதம் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு அலமாரி ஏற்றும்போது என் கணவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் விளையாட்டென்று நினைத்து, "மலையே உக்காந்துடுச்சுடா" என்று கைதட்டியிருக்கிறார்கள். (குச்சி என்ற பெயர் போய் இப்போது அவர் பெயர் 'மலை'.) உதடு நீலம் பூத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. படம் எடுத்துப் பார்த்ததில் இதயச் சுவர் தடித்து, இதயம் பெருத்து, இரத்தத்தைத் தள்ளும் வலு பாதியாகக் குறைந்திருக்கிறது. "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "முட்டைதான் டாக்டர்" என்றார் இவர். நான் முந்திக்கொண்டு, "சத்து ஊசி மட்டும் போடறோம் டாக்டர். வெளிய போறதில்ல, நானே போட்டுடுவேன்" என்றேன். நல்ல பெயர் வாங்கப்போகிற பிள்ளைபோல் சொன்னேன், ஐயா. அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மீதி இருக்கறதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டில் ஒரு காலிக் குப்பியும் பாதி மீதமுள்ள ஒரு குப்பியும் இருந்தன. அவற்றின் மேல் ஒட்டிய தாள் கோணலாக, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சட்டையில் ஒட்டிய விலைச்சீட்டை எடுக்க நாங்கள் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டுவோம். அதுபோல் காட்டினேன். மேல் தாள் அப்படியே நழுவி வந்தது. அடியில் இன்னொரு தாள். விலங்குகளுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது. காலாவதி நாள் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அணைக்கவும் மறந்து நின்றேன். மேசை விரிப்பு கருகிய நாற்றம் வந்த பிறகுதான் சுய நினைவு வந்தது. இரண்டு குப்பிகளும், உரித்த தாள்களும் இணைப்பு 2. மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைப்பு 3.

8. இவை எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனேன். கூடத்துக்கு எதிர்வரிசையில் உள்ள மருந்துக்கடையில், தலைவலி மாத்திரை கேட்டதுபோல் சாதாரணமாக, "சீட்டெல்லாம் எதுக்குக்கா, மாஸ்டர் பேரு சொன்னா போதும்" என்றார்கள். அதே வகை மருந்தில் இரண்டு மாத்திரை அட்டைகளை மருத்துவர் சீட்டும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் அங்கேயே வாங்கினேன். இணைப்பு 4. பிறகு மாஸ்டரிடம் போய், மாட்டு மருந்தையா மனிதனுக்குக் கொடுத்தீர்கள் என்று நியாயம் கேட்டேன். அவர் சத்தம்கூட உயர்த்தவில்லை. "நான் கொடுத்தேன்னு யாரு பாத்தா? நாளைக்குக் கேள்வி வந்தா, குத்தினது யாருன்னுதான் தங்கச்சி கேப்பாங்க" என்றார். அன்றிலிருந்து பதினெட்டு நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பெயரை உறைக்குள் வைத்ததற்கு அதுவே காரணம்.

9. மருத்துவர் எனக்குச் சொன்னவற்றைத் தாங்கள் அறியாதவர் அல்ல. எனினும் எழுதுகிறேன், எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. ஸ்டீராய்டு என்கிற இந்த மருந்துகள் கெட்டவை அல்லவாம். சில நோய்களுக்கு மருத்துவரே அளந்து கொடுப்பதாம். உடம்பு காட்டுவதற்காக அதைப் பல மடங்கு ஏற்றும்போதுதான் இரத்தம் கெட்டிப்படுகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, மாரடைப்பும் பக்கவாதமும் முப்பது வயதிலேயே வருகின்றன. மாத்திரையாக விழுங்குபவர்களுக்குக் கல்லீரல் கெடுகிறது. வளர்கிற வயதுப் பிள்ளைகள் எடுத்தால் உயரம் அத்தோடு நின்றுபோகும். பெண்கள் எடுத்தால் குரல் கட்டையாகி அப்படியே நிலைத்துவிடும். ஒரே ஊசியையோ ஒரே குப்பியையோ பலர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் அதைவிடப் பெரிய நோயும் தொற்றும். கூடத்தில் ஒரு குப்பியைத்தான் நாலைந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று என் கணவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். சட்டென்று நிறுத்தினால் மனம் ஒடிந்துபோகும், தனியே விடாதீர்கள், என்னிடம் அழைத்து வாருங்கள் என்று. அப்படித்தான் ஆயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒன்பது நாட்கள் என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். கையைப் பிடித்துப் பிடித்து அளந்து பார்த்துக்கொள்வார். "இறங்குது பாரு, இறங்குது பாரு" என்பார். நான் டேப்பை ஒளித்துவைத்தேன். விரலால் சுற்றி அளந்தார். மருத்துவரிடம் போகலாம் என்று இழுத்தால், "உடம்பை இறக்கறதுக்கா கூப்பிடற?" என்று கேட்டார். பத்தாம் நாள் மாஸ்டர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். என் மாமியார் அவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டார். "பாதியில நிறுத்தறதுதான் ஆபத்து" என்று மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே என் கணவர் எழுந்து திரும்பவும் கூடத்துக்குப் போனார்.

10. வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி. தெருமுனைத் தட்டியில் என் கணவர் படம் பாதி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேடையில் நரம்பு தெரிய வேண்டும் என்று இரண்டு நாட்களாகத் தண்ணீரைக் குறைத்து, நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறார்கள். பாதி வலுவில் ஓடுகிற இதயத்துக்கு அது தாங்காது என்று மருத்துவர் தொலைபேசியில் என்னிடம் கத்தினார். நான் என் கணவர் காலைப் பிடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே ஒரு நாள் மேடை ஏறிட்டு விட்டுடறேன்மா. இப்ப விட்டா திரும்பக் குச்சின்னு கூப்பிடுவானுங்க. அதுக்கு செத்துடலாம்." அவர் கெட்டவர் அல்ல, ஐயா. எனக்கு அவர் குச்சியாக இருந்தபோதும் குறை தெரிந்ததில்லை. அதை நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்றுத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை, நோட்டில் பெருமையோடு நான் வைத்த புள்ளிகளைக் காட்டினார்.

11. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து செய்ய வேண்டியவை:

அ) மேற்கண்ட கூடத்தின் பின்னறையையும் மருந்துக்கடையையும் (முகவரிகள் அதே உறைக்குள் உள்ளன) இன்றே சோதனையிட வேண்டும். பின்னறையில் தண்ணீர்க் கேன்களுக்குப் பின்னால் குளிர்பெட்டி இருக்கிறது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போனால் அங்கே தண்ணீர்க் கேன் மட்டும்தான் இருக்கும்.

ஆ) போட்டி நடத்துபவர்களுக்கு உத்தரவிட்டு, மேடை ஏறும் ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்து, மருத்துவர் சீட்டு இல்லாதவரை ஏற்றக்கூடாது என்று செய்ய வேண்டும். என் கணவர் பெயரை முதலில் நீக்க வேண்டும்.

இ) ஊசி போட்டுக்கொண்டவர்களைக் குற்றவாளிகளாக நடத்த வேண்டாம். அப்படி நடத்தினால் ஒருவரும் மருத்துவரிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். பயமில்லாமல் வந்து நிறுத்திக்கொள்ள அரசு மருத்துவமனையில் வாரம் ஒருநாளாவது ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈ) ஒவ்வொரு உடற்பயிற்சிக் கூடத்திலும், கண்ணாடிக்குப் பக்கத்திலேயே, எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்ல வேண்டும். வாசகம் கிடைக்கவில்லை என்றால் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: "பெயர் தெரியாத ஊசியைப் போட்டுக்கொள்ளாதே. சீட்டு கேள், ரசீது கேள். மூன்று மாதத்தில் ஏறுகிற உடம்பு உன்னுடையது அல்ல. நல்ல சாப்பாடு, தூக்கம், பொறுமையான பயிற்சி போதும். நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் மறைக்காதே."

உ) மருந்தைப் போட்டவள் என்ற முறையில் என்மீது நடவடிக்கை உண்டென்றால் எடுத்துக்கொள்ளவும். தடுக்க மாட்டேன். ஆனால் மற்ற நான்கையும் முடித்துவிட்டு என்னிடம் வரவும். நான் கடையிலேயேதான் இருப்பேன்.

12. கடைசியாக ஒன்று. நேற்று மாலை என் கணவர் புதுக் குப்பி ஒன்று கொண்டுவந்தார். போட மாட்டேன் என்றேன். "அப்ப மாஸ்டர் போடுவார், நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்கார்" என்றார். இன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டிய கடையைத் திறக்காமலே நேரே இங்கே வந்துவிட்டேன். மூடி திறக்காத அந்தக் குப்பி, இணைப்பு 5. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒன்பது முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். எட்டு முறை எடுக்கவில்லை. ஒன்பதாவது முறை எடுத்தேன். "எங்க வெச்சிருக்க, சொல்லும்மா" என்று கெஞ்சினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாஸ்டர் வந்து கூடத்தைத் திறந்து இன்னொரு குப்பி எடுத்துக் கொடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்னால் எடுத்து வைக்க முடிந்தது. மீதியைத் தாங்கள்தான் தர வேண்டும். குப்பியைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்து ரசீது கொடுங்கள். நான் வீட்டுக்குப் போனதும் மருந்து எங்கே என்றுதான் முதலில் கேட்பார். காட்டுவதற்கு என் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நாள்: வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால்
இடம்: தங்கள் அறைக்கு வெளியே

இப்படிக்கு,
கூப்பிடும்வரை எழுந்துபோகாமல் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்காரி, 'மலை'யின் மனைவி